கைபேசியில் காணாமற்போகும் இரு கைகள்

அனுப்புநர்
இணையதள முகப்புப் படத்தில் இருப்பவரின் தங்கை,
சலவை நிலையத்தின் மேல்மாடி, பின்பக்க வீடு.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
செவித்திறன் குறைந்தோர் நல அலுவலகம்.

பொருள்: அலுவலக இணையதளத்தின் பின்னணிப் படம் கைபேசித் திரையில் வெட்டுப்படுவதைச் சரிசெய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: கடந்த திங்கட்கிழமை தங்கள் கணினிப் பிரிவில் நேரில் தெரிவித்தது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட நாளில் நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தை முதலில் பதிவு செய்கிறேன். காது கேளாத என் அக்கா அன்று சைகையில் சொன்னது இது: "முகத்தை மட்டும் வச்சுக்கிட்டு என் பேச்சை வெட்டிட்டீங்க." அதைக் குரலில் எடுத்துச் சொல்லத்தான் நான் உடன் வந்திருந்தேன். நான் சொன்னதோ, "அக்கா நன்றி சொல்றாங்க சார்" என்பது. பிரிவு அலுவலர் எங்களுக்குத் தேநீர் வரவழைத்திருந்தார். அவரிடம் கசப்பாக எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2. சென்ற ஆண்டு தங்கள் அலுவலகம் அக்காவைப் படமெடுத்து இணையதள முகப்பில் பின்னணியாக வைத்தது. அதில் அவர் புருவம் உயர்த்தி, இரு கைகளையும் அகல விரித்து, "உள்ளே வாங்க, உங்களுக்கு இடமிருக்கு" என்கிறார். நூலகக் கணினியில் திறந்து பார்த்தோம். அக்கா திரையில் தன் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். திரையில் கை பட்டாலே முகம் சுளிக்கும் நூலகர் அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

3. சென்ற வாரம் சலவை நிலையத்துக்கு முதல்முறையாக ஒரு தையற்காரர் துணி கொண்டுவந்தார். அவருக்கும் காது கேளாது. அக்கா அங்கே இஸ்திரி போடுபவர் என்பதால் இருவரும் சைகையில் பேசிக்கொண்டார்கள். அடையாள அட்டையைப் புதுப்பிக்கத் தங்கள் அலுவலக வாசல்வரை இருமுறை வந்து, உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டதாக அவர் சொன்னார். காரணம் கேட்டதற்குக் கைபேசியை நீட்டினார். "இந்தம்மாவைப் பாருங்க. 'நீ எதுக்கு வந்தே'ன்னு கேக்குற மாதிரியே இருக்காங்க." திரையில் அக்காவின் முகம் மட்டும் இருந்தது. கைகள் இல்லாமல் பார்த்தால் அந்தப் புருவம் அப்படித்தான் கேட்கிறது. எதிரில் நிற்பவரே அந்த அம்மா என்று புரிந்ததும் அவர் துணிமூட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். தையற்காரர் போன பிறகு, சூடான இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

4. திங்கட்கிழமை பிரிவு அலுவலர் எங்கள் முன்பாகவே முயன்று பார்த்தார். படம் திரை முழுவதையும் நிரப்ப வேண்டும் என்று அமைத்திருப்பதால், குறுகிய திரையில் நடுப்பகுதி மட்டும் தங்கி இரு ஓரங்களும் வெட்டுப்படுவதாக விளக்கினார். முழுப் படமும் தெரியும்படி மாற்றியபோது அது தபால்தலை அளவுக்குச் சுருங்கி, மேலும் கீழும் வெற்றிடமாயிற்று. திரையின் அளவுக்கு இழுத்தபோது அக்கா ஒட்டடைக்குச்சி போல நீண்டுவிட்டார். "இதையே வைக்கட்டும், செலவில்லாம இளைச்சிருக்கேன்" என்று என்னிடம் சைகை காட்டினார். கடைசியில் அலுவலர், "முகம் நடுவுல அழகாத்தானே இருக்கு, அது போதுமேம்மா" என்றார். அதற்கு அக்கா அளித்த பதில்தான் முதல் பத்தியில் உள்ளது.

5. அதன்பின் எனக்குக் கிடைத்த திரைகளிலெல்லாம் அப்படத்தைத் திறந்து பார்த்தேன். தங்கள் காத்திருப்பு அறையின் பெரிய திரையில் அக்காவின் தலைமுடி வெட்டுப்படுகிறது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. நான்கு கைபேசிகளிலும் கைகள் இல்லை. தூரத்தில் இருப்பவர்களோடு அக்காவுக்குப் பேச்சு என்றாலே கைபேசியில் வீடியோ அழைப்புதான். காது கேளாதவர்கள் இந்த அலுவலகத் தளத்தையும் பெரும்பாலும் கைபேசியில்தான் திறப்பார்கள். வாசலில் "வாங்க" என்று சொல்ல ஆளை நிறுத்திவிட்டு, வருகிறவருக்கு அது தெரியாமல் போவது முறையன்று.

6. தீர்வை அக்காவே சொன்னார். நெரிசலான பேருந்தில் நாங்கள் கையை விரித்துப் பேசுவதில்லை. அதே வாக்கியத்தை நெஞ்சோடு சேர்த்துச் சின்னதாகச் சொல்வோம். அப்படி ஒரு படத்தை நெட்டுவாக்கில் எடுத்தால் குறுகிய திரையில் முகமும் கைகளும் சேர்ந்தே இருக்கும். திரையின் அகலத்துக்கேற்ப இரண்டு படங்களில் ஒன்றைக் காட்டும்படி இணையதளத்தை அமைக்க முடியும் என்று படித்தறிந்தேன். வார விடுமுறை நாளில் படமெடுக்க வர அக்கா சம்மதித்துள்ளார். தையற்காரரின் அட்டை இம்மாத இறுதியில் காலாவதியாகிறது. அதற்குள் புதிய படத்தை வைத்துத் தருமாறு தங்களை மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.

7. இந்தப் பத்தியை மட்டும் இன்று இங்கே அமர்ந்து சேர்க்கிறேன். இம்மனுவை நேற்று அக்காவுக்குச் சைகையில் படித்துக் காட்டினேன். முதல் பத்தியிலேயே என் கை நின்றுவிட்டது. "நன்றிங்கறதை உதட்டுல படிக்கத் தெரியாதா எனக்கு? அன்னைக்கே தெரியும்டி. நீ அந்த டீயைக்கூடக் குடிக்கல. அதான் கேக்கல" என்றார். பிறகு பேனாவை என்னிடமிருந்து வாங்கி, எனக்கு முன்பாகத் தாமே கையொப்பமிட்டார்.

இணைப்பு: கணினியிலும் கைபேசியிலும் தெரியும் படங்களின் அச்சுப்பிரதிகள் இரண்டு.

இடம்: தங்கள் அலுவலகக் காத்திருப்பு அறை
நாள்: 14ஆம் தேதி, வியாழக்கிழமை

(ஒப்பம்)
படத்தில் இருப்பவர்

(ஒப்பம்)
மனுவை எழுதிய தங்கை