விடுபட்ட அட்டவணை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பதற வேண்டாம். வருங்காலத்தில் காற்று எப்படியிருக்குமோ அப்படிக் கரியமில வாயுவைக் கூட்டி, கண்ணாடி அறையில் கோதுமை வளர்த்தேன். இலைகள் அந்த வாயுவை வாங்கி நிறைய மாவுச்சத்து தயாரித்தன, விளைச்சலும் கூடியது. ஆனால் தானியத்தை அரைத்துப் பார்த்தால் இரும்புச்சத்தும் துத்தநாகமும் குறைந்திருந்தன. வயிறு நிறையும், உடம்பு தேறாது. மூன்று அறுவடையிலும் அளந்து உறுதி செய்தேன்.

அச்சுக்குப் போகும் கட்டுரையில் விளைச்சல் மட்டும்தான் இருக்கிறது. சத்துக் குறைவைக் காட்டும் என் அட்டவணையை நீக்கியது, என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் சீனியர் அக்கா.

"நல்ல சேதிக்கு நடுவுல எதுக்குடி அபசகுனம்? பேராசிரியர் முகம் சுளிப்பார்."

"மூணு வருஷம் அளந்தது நான்க்கா. கூட இருந்து பார்த்தது நீங்க."

"அதான் உன் பேரை முதல்ல போட்டிருக்கேனே!" என்று சிரித்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை அப்பா. இன்று காலை கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லி பேராசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் பெயரில் கட்டுரை இல்லாததால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒரு கனமான போர்வை அனுப்ப முடியுமா? இத்தனை நாள் அந்த அக்காவுடையதைத்தான் போர்த்திக்கொண்டிருந்தேன். ஞாயிறன்று பேச எதுவும் இல்லாவிட்டாலும் போனை உடனே வைத்துவிடாதீர்கள்.

அறை மாற வண்டி வந்துவிட்டது. புது முகவரி உறையின் பின்னால்.

உங்கள் மகள்