இறக்கிவிடச் சொல்லி வேண்டியது

தா.பழூர்
ஆடி 20

அன்பு மகள் முத்தமிழுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், போன வாரம் ஈன்ற செவலைப் பசுவும் கன்றும் சுகம். நீயும் நீ ஏறுகிற குதிரைகளும் சுகமாக இருப்பதாகத் தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி. குறுவை நடவு முடிந்தது. போனில் பேசலாம்தான், ஆனால் இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வார்த்தை விட்டுவிட்டுத்தான் வரும், நீ டவர் இல்லை என்று நினைத்து வைத்துவிடுவாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் தொடர் வந்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். குதிரையேற்றம் சொல்லித்தருகிற ஒரு விடுதிப் பள்ளி, அதில் பணக்காரப் பிள்ளைகள், ஒருத்தியை ஒருத்தி கவிழ்க்கப் பார்ப்பது, இந்தக் கதையெல்லாம் எனக்குப் பிடிபடுவதில்லை. கதாநாயகி பேசினால் அவள், குதிரையில் தாண்டினால் அவளுக்குப் பதில் நீ, அது மட்டும் தெரியும். பக்கத்து வீட்டு சுந்தராம்பாள், மூஞ்சியே காட்டாத பொண்ண உங்க பொண்ணுன்னு எப்படி நம்புறதுங்க என்று கேட்டுவிட்டாள். பெத்தவளுக்கு முதுகு தெரியாதா என்று அம்மா பிடித்துக்கொண்டதில் இரண்டு நாள் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

போன ஞாயிறு அந்தக் குதிரை தடுப்புக்கு முன்னால் சட்டென்று நின்று, நீ அதன் தலைக்கு மேல் பறந்து போய் விழுந்தாயே, எனக்கு உயிரே போய்விட்டது. கதைக்காக விழுந்ததுப்பா, கீழ மெத்தை போட்டிருந்தாங்க என்று நீ போனில் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் உனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. மாட்டு டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டு, காலேஜ் என்.சி.சி.யில் பழகிய குதிரையேற்றத்தை நம்பி நீ பூனா பக்கம் படப்பிடிப்புக்குப் போன அன்றே நான் ஏரிக்கரை அய்யனாரிடம் போனேன். அவரே குதிரை வைத்திருப்பவர், என் கஷ்டம் புரியும் என்று நினைத்தேன். என் மகளைக் குதிரையை விட்டு இறக்கிவிடு, உனக்கு ஒரு மண்குதிரை செய்து வைக்கிறேன் என்று வேண்டினேன். இறக்கிவிடு என்றுதான் கேட்டேன், எப்படி இறக்க வேண்டும் என்று சொல்லவில்லை. என் வாய்தான் உன்னைத் தள்ளிவிட்டது என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே பூவரசனிடம் ஓடினேன். குதிரை செய்கிறவரும் அவர்தான், கோயில் பூசாரியும் அவர்தான். வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்றேன். மாத்திக் குடுக்கச் சாமி என்ன ஜவுளிக் கடையா வச்சிருக்கு, குதிரைய வச்சிட்டு வேற கேளுங்க என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். திட்டித் தீர்த்தாள். அப்புறம் அவள் போனில் அந்த இடத்தை மறுபடி போட்டு, கண்ணத் தொறந்து பாருங்க என்றாள். விழுந்து எழுந்த நீ உன் மேல் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டவில்லை. நேராகப் போய்க் குதிரையின் முன்னங்காலைத் தடவிப் பார்க்கிறாய். சுந்தராம்பாளின் மாடு வாய்க்காலில் சறுக்கி விழுந்தபோதும் இப்படித்தான் தடவினாய். அவளுக்கும் காட்டினோம், ஆமா, இது நம்ம புள்ள கைதான் என்று அழுதேவிட்டாள். படிப்பை வீணாக்கிவிட்டாய் என்று ஊரெல்லாம் புலம்பினேனே, மன்னித்துக்கொள் கண்ணு.

அவரிடம் சுட்டுத் தயாராக இருந்த மண்குதிரை ஒன்றை வெள்ளிக்கிழமை கோயிலில் கொண்டுபோய் வைத்தாயிற்று. ஏறின இடத்திலேயே என் பிள்ளையைப் பத்திரமாக உட்கார வை என்று கேட்டிருக்கிறேன். ஆனால் குதிரைக்கு இன்னும் கண் வரைந்து திறக்கவில்லை. யாருக்காக வேண்டுனீங்களோ அவங்க வந்து நிக்கட்டும், அப்பதான் கண்ணு எழுதுவேன் என்று பூவரசன் சொல்லிவிட்டார். வேளைக்குச் சாப்பிடு, தலைக்கவசத்தின் வாரை இறுக்கிப் போடு, அடிபட்டால் எங்களிடம் மறைக்காதே. நூறு வயது நன்றாக இரு. லீவு கிடைக்கும்போது இரண்டு நாள் வந்து போ. போன தடவை நீ கிளம்பும்போது நான் கோபத்தில் வயலுக்குப் போய்விட்டேன். இந்தத் தடவை அரியலூர் ஸ்டேஷன் வரைக்கும் வந்து நானே உன்னை ரயில் ஏற்றி அனுப்புகிறேன்.

இப்படிக்கு உன் அப்பா,
செல்லதுரை