சீழ்க்கைக்கு இறங்கி வருகிற பறவை

எல் வாயே, பனாமா
பிப்ரவரி 9

அன்புள்ள சொராய்தாவுக்கு,

முழங்கால் வலியைத் தவிர இங்கே குறையொன்றுமில்லை. உன் நன்றிக் கடிதம் காபிக் கறையோடு வந்து சேர்ந்தது. மடத்துப் பள்ளியில் நம் இருவருக்கும் ஒரே கன்னியாஸ்திரிதான் கடிதம் எழுதக் கற்றுத்தந்தார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

போன மாதம் எவாரிஸ்தோவின் வருஷ நினைவுத் திருப்பலி முடிந்து, என் வீட்டில், என் சோள அப்பத்தைத் தின்றுகொண்டே எல்லோர் முன்னாலும் சொன்னாய்: "அந்தப் பறவைய நான் பாத்திருக்கேன்டி. உன் வீட்டுக்காரர்தான் காட்டினாரு. தொண்டை மஞ்சள், தலையில நீலம், மத்ததெல்லாம் இலைப் பச்சை." நான் அடுப்படிக்குப் போனேன். அங்கே எனக்கு எந்த வேலையும் இல்லை.

நாற்பத்தொரு வருஷம் அவரோடு வாழ்ந்தவள் நான். வெளிநாட்டுக்காரர்களைக் காட்டுக்குள் அழைத்துப்போய்ப் பறவை காட்டிப் பிழைத்தவர் அவர். விடிந்ததும் உச்சிக் கிளையிலிருந்து மூன்றே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடுமே, அதை மட்டும் எனக்குக் காட்டியதில்லை. "அவன் கண்ணுல படமாட்டான் எர்மெலிண்டா. காதுல விழுதுல்ல, அது போதும்" என்பார். உன் கண்ணில் மட்டும் எப்படிப் பட்டான்?

மூன்று நாள் இதையே நினைத்து வெந்தேன். நான்காம் நாள் அந்த ஈஸ்டர் வாரம் ஞாபகம் வந்தது. நீ வந்து தங்கியிருந்தாய். சேற்றுக் காலோடு வாசலில் நின்று அவர், "இன்னிக்கு ரொம்பப் பக்கத்துல பாடுறான். அவனை மாதிரியே சீழ்க்கையடிச்சா சண்டைக்கு இறங்கி வருவான். எனக்குத்தான் முன்பல்லு போச்சே, நீ வந்து அடி" என்றார். "அதுக்கா என்னை மடத்துல படிக்க வெச்சாங்க? மொதல்ல பூட்ஸைக் கழட்டுங்க" என்றேன். கொல்லையில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த நீ சிரித்தாய். பள்ளி நாளில் கோவிலுக்குப் பின்னால் சீழ்க்கையடித்து மாட்டிக்கொண்டு முட்டிபோட்டவளாயிற்றே! அவரோடு நீ கிளம்பினாய். நான் தரையைத் துடைத்தேன். திரும்பி வந்து அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வாரம் கதவைச் சாத்திக்கொண்டு நானே முயன்று பார்த்தேன். வெறும் காற்றுதான் வருகிறது.

ஏப்ரல் கடைசியில் மழை பிடித்துவிடும். அதற்குமுன் ஒருமுறை வந்து போ. நீ சீழ்க்கையடி, நான் அண்ணாந்து பார்க்கிறேன். இதைக் கெஞ்சல் என்று எடுத்துக்கொள்ளாதே. ஊரில் யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

மாதா உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். அன்று அதைப் பார்த்த நிமிஷத்தில் அவர் என் பெயரைச் சொன்னாரா என்பதை மட்டும், வரும்போது, நான் கேட்காமலே சொல்லிவிடு.

இப்படிக்கு,
எவாரிஸ்தோவின் மனைவி
எர்மெலிண்டா