கூப்பிடும் வரை

அக்டோபர் 6

மழை விட்டபாடில்லை. துவைத்தது எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈர ஆட்டு வாடை. இவரைக் கேட்டால் அப்படி ஒரு வாடையே இல்லையாம்.

இன்று காலை என்னைக் கூட்டிப்போய் வித்தை காட்டினார். எங்கள் மேய்ச்சல் நாய்க்கு வாத்தியார் என்று பெயர். ஆடுகளை அது முறைக்கிற முறைப்புக்கு இவர் வைத்தது. ஆற்றங்கரைப் புல்வெளியில் ஆடுகளை விட்டு, அதனிடம் "காவல்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து டீ குடித்தோம். சாவகாசமாகத் திரும்பிப் போனால், ஓர் ஆடுகூட மேட்டுப்பக்கம் ஏறவில்லை. ஏறப் பார்த்ததையெல்லாம் வாத்தியார் சுற்றிச் சுற்றி மடக்கிக்கொண்டிருந்தது. இவர் உதட்டைக் குவித்து நீளமாக ஒரு விசில் அடித்தார். அப்புறம்தான் ஆடுகளை விட்டுவிட்டு ஓடிவந்தது.

"நான் கூப்பிடாம அது நகராது" என்று ஒரே பீற்றல். கட்டினவளுக்கு இந்தப் புத்தி இல்லையே என்று எனக்கு ஓர் இடி வேறு. அதற்குச் சோறு வைப்பது யாராம் என்று கேட்டேன்.

அக்டோபர் 11

ஆலயத்தில் இவர் குறட்டை. போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அதற்கு ஓர் ஆமென் சொன்னார். என் மானமே போயிற்று.

அக்டோபர் 14

ஆஸ்பத்திரி.

வேலி அடிக்க ஆணி போதவில்லை என்று ஆற்றங்கரையிலிருந்து வந்திருக்கிறார். கொட்டகை வாசலிலேயே விழுந்துவிட்டார். பக்கவாதம் என்கிறார்கள். வலப்பக்கம் அசைவில்லை, வாய் கோணிவிட்டது, பேச்சு இல்லை. ஆண்டவரே, இவரை எடுத்துக்கொள்ளாதேயும். சண்டை போடுவதற்காவது எனக்கு ஆள் வேண்டும்.

மகள் வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தாள். ஆடு எல்லாம் எங்கே என்று கேட்டாள். கீழே ஆற்றங்கரையில்தான், வாத்தியார் காவல் இருக்கிறது, பயமில்லை என்றேன். வெளியே ராத்தங்குவது ஆடுகளுக்கு ஒன்றும் புதிதில்லை.

அக்டோபர் 15

விடிய விடிய மழை. இவர் கண்ணே மூடவில்லை. ஜன்னலைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், உதட்டைக் குவிக்கிறார். தாகமாக இருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். துப்பினார். மறுபடி குவித்தார். மறுபடி பஞ்சு. இடது கையால் தட்டிவிட்டார். அந்த நிலைமையிலும் கோபத்துக்குக் குறைச்சலில்லை.

"அப்பாவுக்கு முத்தம் வேணுமோ என்னமோ" என்றாள் மகள். வெட்கத்தோடு நெற்றியில் ஒன்று கொடுத்தேன். குலுங்கிக் குலுங்கி அழுதார். பாசம் என்று நினைத்துவிட்டேன். பாழாய்ப்போனவள்.

மதியம் டிராக்டர்காரர் போன் செய்தார். ஆற்றுக்கு அக்கரையில் அவருடைய நிலம். வெள்ளம் புல்வெளிக்கு மேல் ஏறிவிட்டதாம். ஆடுகள் தாமாகவே மேட்டுக்கு ஓடப் பார்த்திருக்கின்றன. வாத்தியார் விடவில்லை. ஓடினதையெல்லாம் மடக்கி மடக்கித் தண்ணீருக்கே திருப்பியிருக்கிறது. அக்கரையில் நின்று கத்தினாராம், கல்லெறிந்தாராம். "உங்க நாய் என்னைத் திரும்பிப் பாத்துச்சும்மா. பாத்துட்டு மறுபடி வேலைக்குப் போயிடுச்சு."

போனை வைத்தபோதுதான் புரிந்தது. இவர் கேட்டது தண்ணீர் இல்லை. விசிலடித்துக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க. நான் பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 16

ஓர் ஆடுகூட மிஞ்சவில்லை. வாத்தியாரை வேலியோரம் எடுத்தார்களாம்.

ஜெபம் வரவில்லை.

அக்டோபர் 29

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஆடுகளைப் பற்றி அவரிடம் மூச்சுவிடக்கூடாது என்று மகள் சத்தியம் வாங்கியிருக்கிறாள். இன்னோர் அதிர்ச்சி தாங்கமாட்டார் என்று டாக்டரும் சொன்னாராம். நல்லது. முப்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் பொய் சொல்லாதே என்று பாடம் எடுத்தவள் நான்.

மழை தகரத்தில் விழுந்தால் போதும், அவர் உதடு குவிகிறது. கோணல் வாயில் காற்றுதான் வருகிறது. "ஆடெல்லாம் பட்டில இருக்குங்க, வாத்தியாருக்குச் சோறு வச்சிட்டேன்" என்கிறேன். என்னையே பார்க்கிறார். பிறகு மறுபடி குவிக்கிறார். களைத்துப்போய் வேர்க்கிறவரை விடுவதில்லை. சாப்பாடு பாதி இறங்குவதில்லை. ஆள் தேய்ந்துகொண்டே போகிறார்.

நவம்பர் 8

போதகர் வந்திருந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்லக்கூடாது. வருகிற ஞாயிறு கீழ்ப்படிதல் பற்றிப் பேசப்போகிறாராம். வாத்தியார் கதையை நானே எழுந்து சாட்சியாகச் சொன்னால் சபைக்குப் பிரயோஜனமாக இருக்குமாம். சாகிற வரைக்கும் சொல் தவறாத ஜீவன் என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது அவருக்கு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டுதான் சொன்னேன்.

"ஐயா, அது சொன்ன பேச்சைக் கேக்காத நாயா இருந்திருந்தா அத்தனை ஆடும் இன்னைக்கு உயிரோட இருக்கும். அந்தச் சாட்சியச் சொல்லட்டுமா?"

டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். பாவம்.

நவம்பர் 9

தூக்கம் இல்லை. போதகரை அனுப்பிவிட்டேன், சரி. இந்தக் கேள்வியை எங்கே அனுப்புவது?

வாத்தியார் மேல் தப்பில்லை. இவர் மேலும் இல்லை. காவல் என்று சொன்னவர் திரும்பிப் போய்க் கூப்பிடத்தான் இருந்தார். நாக்கு விழுந்துவிட்டது, அவ்வளவுதான். நீரும் இப்படித்தான் எங்கேயாவது விழுந்து கிடக்கிறீரா ஆண்டவரே? எங்களைக் கூப்பிட உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்க்கிறீரா? நாங்கள் தாகம் என்று நினைத்துப் பஞ்சு நனைத்துக்கொண்டிருக்கிறோமா?

இப்படி எழுதுவது பாவமோ என்னவோ. எழுதியதை அடிக்கப்போவதில்லை. இருக்கட்டும்.

நவம்பர் 14

மூன்று கரண்டிக் கஞ்சி. அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லியே இவரைக் கொன்றுவிடுவேன் போலிருக்கிறது.

நவம்பர் 21

சொல்லிவிட்டேன்.

மகள் வேலைக்குப் போயிருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளம், ஆடுகள், வேலியோரம். பஞ்சைப் பற்றியும். மூச்சு நின்றுவிடுமோ என்று அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. தலையை மெதுவாக அசைத்தார்.

"தெரியுமா உங்களுக்கு?"

அசைத்தார். முதல் நாளே தெரியும் போல. மழை எவ்வளவு பெய்தால் ஆறு எங்கே வரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன. சொன்ன பொய்யெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்டதுதான்.

"தெரிஞ்சுமா இத்தனை நாளா அதைக் கூப்பிட்டீங்க?"

கண்ணை மூடிக்கொண்டு அதற்கும் தலையசைத்தார். இங்கே எழுத எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

சாயங்காலம் மழை பிடித்தது. உதட்டைக் குவித்தார். நான் எதுவும் எடுத்துவர எழுந்திருக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் குவித்தேன். எனக்கு விசிலடிக்க வராது. இரண்டு பேருக்கும் காற்றுதான் வந்தது. இருட்டுகிற வரைக்கும் கூப்பிட்டோம்.