கருங்கல் மண்டையனை உதைத்த விவரம்

சின்ன காஞ்சிபுரம்,
20-6-2004

சிரஞ்சீவி ஸிந்துஜாவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். பேரருளாளன் கிருபையில் நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியம், என் வலது கைக் கட்டைவிரல் ஒன்றைத் தவிர. அது ஏன் வீங்கியிருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ சௌக்கியமாக இருப்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அம்மாவோடு போனில் பேசும்போது நான் எதிரே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அந்த அரைமணி நேரத்தில் இதுவரை ஒரு வரிகூடப் படித்ததில்லை. ஒன்றரை வருஷமாக எழுதாத மனுஷனின் கையெழுத்தை உறையில் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே, எல்லோரும் இருக்கிறோம். வைகாசி உற்சவம் முடிந்து பத்து நாள் ஆகிறது, கருட சேவைக் கூட்டத்தில் என் வலது செருப்பு மட்டும் காணாமல் போயிற்று, இடதை இன்னும் வைத்திருக்கிறேன், ஏன் என்று அம்மா தினமும் கேட்கிறாள். கிணற்று மோட்டார் ரிப்பேர் ஆகி வந்துவிட்டது. அம்மாவுக்கு பி.பி. குறைந்திருக்கிறது, உப்பைக் குறைத்ததால் என்று டாக்டர் நினைத்துக்கொண்டிருக்கிறார், உண்மைக் காரணம் கீழே வரும். உன் சித்தப்பா பிள்ளை அச்சுத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. அவன் அங்கே என்ன செய்கிறான் என்று எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை, ஆனால் அதற்காக யாரும் அவனிடம் கோபித்துக்கொள்ளவில்லை. இதை அம்மா என்னிடம் இரண்டு தடவை எடுத்துச் சொல்லிவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சிநேகிதி ஊருக்கு வந்தபோது அவளிடம் நீ கொடுத்தனுப்பிய வீடியோ கேம் பெட்டி நாலு மாசம் பீரோவின் மேல் பழைய பஞ்சாங்கங்களுக்கு அடியில் கிடந்தது. நான் தொடவில்லை, தொடவும் விடவில்லை. சென்னையில் வங்கிக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த பெண், அதை உதறிவிட்டு கனடாவில் அடிதடி விளையாட்டு செய்கிற கம்பெனிக்குப் போகிறேன் என்றாயே, அன்றைக்கு நான் பேசியது உனக்கு மறந்திருக்காது. உன் வேலைதான் என்ன என்று கேட்டேன். அடி வாங்கியவர்கள் எப்படி விழுந்து எப்படி எழுந்திருக்க வேண்டும் என்று பார்த்துச் செய்வது என்றாய். முப்பத்தொரு வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் பெண் ஆட்களை விழவைத்துச் சம்பளம் வாங்குவதா என்று கத்தினேன், அங்கே எங்கேயும் என் பெயரைச் சொல்லாதே என்றும் சொன்னேன். நீ பெட்டியில் துணியை மடித்து வைத்தாய். அந்தப் பேச்சை விட்டுவிட்டு மேலே எழுதுகிறேன், திரும்பி அதற்கு வருவேன்.

போன மாசம் கேபிள் டிவி கலியன் சந்தாவுக்கு வந்தவன் பீரோவின் மேல் பார்த்துவிட்டான். “இன்னா சார், இம்மாம் நல்ல பெட்டிய தொறக்காமயே வெச்சிக்கினு இருக்கீங்க, மூணு கலர் ஒயர்தானே சார்” என்று சொல்லிக்கொண்டே அம்மாவிடம் ஸ்டூல் கேட்டு, நான் வேண்டாம் என்பதற்குள் மாட்டியும்விட்டான். டிவியில் ஒருவன் வானத்திலிருந்து இறங்கினான், ஒருத்தி உள்ளங்கையிலிருந்து நெருப்பு விட்டாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா திருப்பிக்கொள்ளவில்லை. அரைமணியில் கலியனை மூன்று தடவை கீழே தள்ளிவிட்டாள். அந்த எட்டு சூப்பர் ஹீரோக்களுக்கும் நீங்கள் என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறீர்கள், அதெல்லாம் இங்கே செல்லாது. நெருப்புக்காரி இங்கே தீப்பெட்டி, பறக்கிறவன் பட்டம், சாம்பல் போர்வையும் வெள்ளை மீசையுமாக ஒருவர் வருகிறாரே, அவர் பெரியவர். அந்தப் பெரியவரை அம்மாவின் தீப்பெட்டி ஒரு சமயம் குப்புறத் தள்ளினாள். அவர் எழுந்தார். முதலில் வலது கையை முழங்காலில் ஊன்றி, பாதியில் ஒரு மூச்சு நின்று, பிறகு நிமிர்ந்து, உள்ளங்கையை மார்பில் துடைத்துக்கொண்டார். அம்மா ஆட்டத்தை விட்டுவிட்டு, “ஏன்னா, கோயில்ல ஸேவிச்சுட்டு நீங்க எழுந்துக்கறது அப்படியே இப்படித்தானே!” என்று சிரிக்க ஆரம்பித்தாள். கலியனும் சிரித்தான். நான் அப்படி எழுந்திருப்பதே இல்லை என்று சொல்லிக் கோபமாக எழுந்தேன். எழுந்த பிறகு பார்த்தால் என் வலது கை முழங்காலில் இருந்தது.

அது நிஜம்தானா என்று பார்க்கத்தான் மறுநாள் அம்மா கோயிலுக்குப் போன சமயத்தில் ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தேன், வேறு எண்ணம் இல்லை. பெரியவரை எழுந்திருக்க வைக்க வேண்டுமானால் முதலில் அவர் விழவேண்டும், அந்த அளவில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. ஆனால் விழுந்துகொண்டே இருப்பதும் கௌரவமாக இல்லையே, பதிலுக்கு ஒன்று கொடுக்கலாம் என்று ஒரு பட்டனை அழுத்தினேன். அது உதைக்கிற பட்டன். பெரியவரின் கால் நேராகப் போய் தீப்பெட்டியின் தோளில் பட்டது. நம் கால் யார்மேலாவது பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அறுபது வருஷப் பழக்கம், கை என்னைக் கேட்கவில்லை, தானாக ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டுப் போய் டிவி கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அதற்குள் அந்தப் பெண் என்னை எரித்துவிட்டாள். ஒவ்வொரு உதைக்கும் இதே கதை. அம்மாவோடு ஆடினால் இன்னும் மோசம், நான் தொட்டு ஒற்றிக்கொள்கிற நேரம் பார்த்துத்தான் அவள் அடிக்கிறாள். அவளும் உதைக்கிறாளே, அவள் ஒற்றிக்கொள்ள வேண்டாமா என்று கேட்டால், ராத்திரி படுக்கப் போகும்போது எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே தடவையாக ஒற்றிக்கொண்டுவிடுகிறாளாம். கடைசியில் உதைக்கிற பட்டன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு வெறும் கையாலேயே சண்டை போட ஆரம்பித்தேன்.

இத்தனை தோற்றும் ஏன் விடவில்லை என்று நீ கேட்பாய். நானே யோசித்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அடி விழுந்த உடனே எல்லாம் ஒரு கணம் அப்படியே நிற்கிறது பார், கண் இமைக்கும் நேரம்கூட இல்லை, அங்கேதான் ருசி முழுவதும் இருக்கிறது. அந்தக் கணம் இல்லாமல் போனால் அது வெறும் கையாட்டல். அடுத்தது, ஒருவனுக்கும் எல்லாமும் கொடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். பட்டம் வேகமாக வருகிறான், ஆனால் இரண்டு அடியில் சுருண்டுவிடுகிறான். பெரியவர் கையை ஓங்குவதற்குள் காபி குடித்துவிட்டு வரலாம், ஆனால் அது விழுந்தால் விழுந்ததுதான். தோற்றால் ஏன் தோற்றோம் என்பது தோற்கிறபோதே தெரிகிறது, கேள்வித்தாள் கஷ்டம் என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது. உடனே இன்னொரு ஆட்டம் கேட்கத் தோன்றுவது அதனால்தான். அப்புறம், கனத்தவன் ஒரே தடவை தொப்பென்று விழுகிறான், ஒல்லியானவன் தரையில் பட்டு ஒரு தடவை எம்பி விழுகிறான், மேலேயிருந்து விழுகிறவனின் வேகம் வரவர ஏறுகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. உன் வேலைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டிருக்கிறேன். பட்டம் ஆகாயத்தில் எதிலும் கால் ஊன்றாமல் திடீரென்று திரும்புகிறான், எந்தக் கணக்கிலும் அது வராது, அதற்கு நாலு மார்க் பிடித்திருக்கிறேன். யார் சிபாரிசுக்கு வந்தாலும் அதைத் திருப்பித் தரமாட்டேன். அம்மாவின் பி.பி. குறைந்ததும் இதனால்தான், தினமும் காலையில் என்னை ஐந்து தடவை கீழே தள்ளுகிறாள், அவளுக்கு என்ன குறை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. ஒருநாள் கலியன், “கடைசி ஆள சாச்சாதான் சார் இத்த செஞ்சவங்க பேரெல்லாம் வரிசையா வரும், நம்ம பாப்பா பேரும் வரும் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். உன் பெயர் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதன் பின்னால் என் பெயர் இருக்குமா என்பதுதான். உன் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்ததே, நமக்கு ஏது குடும்பப் பெயர், தகப்பன் பெயர்தான் என்று என் கையால் முரளீதரன் என்று எழுதியவன் நான். அதே நான்தான் என் பெயரைச் சொல்லாதே என்றும் சொன்னேன். நீ சின்ன வயசிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்கிற பெண், இதையும் கேட்டிருப்பாயோ என்று பயமாக இருந்தது. அம்மாவோ அதற்கு முந்தின புதன்கிழமையே, அடுப்பில் சாத்தமுது கொதிக்கும்போதே, கடைசி ஆளையும் சாய்த்துப் பெயர்களைப் பார்த்துவிட்டாள். என்ன இருந்தது என்று கேட்டேன். “ஜெயிச்சுப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டுக் கொத்தமல்லி கிள்ளப் போய்விட்டாள்.

அந்தக் கடைசி ஆள் இருக்கிறானே, கருங்கல் மண்டையன், அவனை யார் செய்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். இடுப்புக்கு மேலே எங்கே குத்தினாலும் அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை, முழங்காலில் உதைத்தால் மட்டும்தான் தள்ளாடுகிறான். அம்மா இதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். நான் பதினோரு நாள் கையாலேயே குத்தினேன், கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். பன்னிரண்டாம் நாள் பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு உதைத்தேன், கை வழக்கம்போல் கண்ணுக்குப் போயிற்று, அவன் என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கொஞ்சமும் சிரிக்காமல், “இந்தப் பொம்மைகள்கிட்டயெல்லாம் நூறு தடவை மன்னிப்புக் கேட்டாச்சு. கேக்க வேண்டிய இடத்துல ஒரு தடவை கேட்டேளா?” என்றாள். நான் ஜாய்ஸ்டிக்கின் ஒயரைச் சுற்றி வைத்தேன்.

மறுநாள் காலை சந்தியாவந்தனம் முடிந்ததும் உட்கார்ந்தேன். வழியில் வந்த ஏழு பேரையும் கையாலேயே முடித்தேன். மண்டையனை முழங்காலில் மூன்று உதை உதைத்தேன், கை எழும்பப் பார்த்தது, முழங்கையைத் தலையணைமேல் அழுத்தி வைத்துக்கொண்டு நாலாவது உதையும் கொடுத்தேன். அவன் விழுந்தானே, அதை நான் என்னவென்று எழுதுவது. முதலில் ஒரு முழங்கால், பிறகு ஒரு கை, பிறகு இனிமேல் முடியாது என்று அவனுக்கே தெரிந்துபோய் மெதுவாக முகம் சாய்ந்து, கடைசியில் அந்தக் கல் மண்டை தரையில் பட்ட சத்தம். எனக்கு அவன்மேல் பாவமாகவே போய்விட்டது. கை தட்டினேன், அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அதற்குள் பெயர்கள் வர ஆரம்பித்துவிட்டன, எறும்பு சாரை மாதிரி பொடிப்பொடியாக மேலே ஓடுகின்றன. என் மூக்குக்கண்ணாடி பஞ்சாங்கத்தின் மேல். எடுத்துக்கொண்டு வருவதற்குள் திரை கறுத்துவிட்டது.

மூன்று நாள் கழித்துத்தான் மறுபடி அவனை விழவைக்க முடிந்தது. இந்தத் தடவை அம்மா என் பக்கத்தில் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எனக்கு இரண்டு கையும் ஒழிவில்லை, மண்டை தரையில் பட்டதும் அவளே என் மூக்கில் மாட்டிவிட்டாள். டிவிக்கு ஒரு சாண் தள்ளி நின்று படித்தேன். எத்தனை பேர் ஸிந்துஜா, ஒரு ஆட்டத்துக்கு இத்தனை பேரா. சத்தம் செய்தவர்கள், வானம் வரைந்தவர்கள், பிறகு விழுவதும் எழுவதும் என்று போட்டு ஐந்து பெயர். நாலாவதாக ஸிந்துஜா முரளீதரன். இரண்டும் சேர்ந்து, பக்கத்தில் பக்கத்தில், மேலே போகிறது. எந்தப் பெயர் போட வேண்டும் என்று ஒவ்வொருவரையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்களாம், நீ நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தாயாம், அம்மா அப்போதுதான் சொன்னாள். அந்தப் பெயர் திரையின் மேல் விளிம்புக்குப் போவதற்குள் என் கை தானாகப் போய் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. “இன்னும் மண்டையனை உதைச்ச ஞாபகமா?” என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன், அவள் நம்பியதாகத் தெரியவில்லை. உனக்கு உண்மையைச் சொல்கிறேன், அது அவனுக்காக இல்லை, உனக்காக.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ஒரேயடியாக உட்கார்ந்து வேலை செய்யாமல் நடுநடுவே எழுந்து நட. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் அந்த ஊரிலும் செய்யலாம், சட்டம் ஒன்றும் குறுக்கே வராது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் என்னைக் கூப்பிடச் சொல், பேப்பரை மடித்து வைத்திருப்பேன். பெரியவருக்குக் கையை ஓங்குகிற நேரத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று உன் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல், அம்மாவிடம் இதைக் கேட்டதாகச் சொல்லிவிடாதே. பெருமாள் தாயார் கிருபையில் நீ தீர்க்காயுசாக, தைரியமாக, யாரை வேண்டுமானாலும் விழவைத்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பெயருக்குப் பின்னால் நிற்கும்
முரளீதரன்