அடியில் ஒரு மூடுகுறி

ஏற்காடு,
4-3-2024

என் கவிதாவுக்கு,

உன் அம்மாவுக்குக் கால்வலி தேவலையா? போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் மாதேஷண்ணன் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் மலையின் பஸ், ஜீப் நேரம் போட்ட வலைப்பக்கத்தைப் பதினோரு வருஷமாக என் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டேன். எல்லாம் HTML. ஒரு குறியைத் திறந்தால் மூட வேண்டும். மறந்தால் பக்கமே தாறுமாறாகிவிடும். அதனால்தான் எல்லாரும் என்னைத் தேடினார்கள். நீ யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விக்கி ஒன்றை ஆரம்பித்து, நட்சத்திரம் போட்டால் பட்டியல், சமக்குறி போட்டால் தலைப்பு என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்துவிட்டாய்.

அடிவாரம் ஜீப் நேரம் மாறவில்லையா என்று மாதேஷண்ணனைக் கேட்டேன். "நானே போன்ல மாத்திட்டனுங்க. நொம்ப சுலபமுங்க" என்கிறார்.

வயிறு எரிகிறது புள்ள. மூன்று வாரமாக என் போன் அடிக்கவே இல்லை.

உன் ஹேமலதா


மஞ்சக்குட்டை,
7-3-2024

ஹேமா புள்ளைக்கு,

திட்டித் தீர்த்துவிட்டாயா? சரி, இப்போது என் பங்கு.

போன வருஷம் நீ சேலத்தில் அக்கா ஊட்டுக் கல்யாணத்தில் இருந்த அன்று, மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. உன் பக்கத்தில் மட்டும் ஒன்பதரை பஸ் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நம்பி என் அம்மா ராசம்மாள், வீங்கின காலோடு அரை நாள் ரோட்டில் நின்றார். உன் குறிகளைத் தொட எங்கள் யாருக்கும் தைரியமில்லை.

விக்கியில் எவர் கெடுத்தாலும் 'வரலாறு' என்ற இடத்தில் பழையது இருக்கும், ஒரு தட்டில் திரும்பிவிடும். முதல் பக்கத்துக்கு உன் எழுத்தைத்தான் எடுத்தேன். கேட்காமல் எடுத்தது என் தப்பு. நீயும் உள்ளே வா. ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடவே இருக்கிற உரையாடல் பக்கத்தில் நாலு அலைக்கோடு (~~~~) போட்டால் உன் பேரும் தேதியும் தானாக வரும்.

கவிதா


மஞ்சக்குட்டை,
12-3-2024

ஹேமா,

பதிலே இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் நேரப் பக்கத்தை யாரோ முழுக்க அழித்துவிட்டார்கள். வரலாற்றில் பேர் இல்லை, ஏதோ ஒரு எண் மட்டும்; கணக்கு இல்லாமல் திருத்தினால் அப்படித்தான் வரும். பத்தே நிமிஷத்தில் திருப்பிவிட்டேன். லாட்ஜில் வேலை பார்க்கும் சௌமியா, யாரென்று கேட்டுக் குதித்தாள். ஊர்பேர் தெரியாத எவனோ என்று சொல்லிவைத்தேன்.

காலிப் பக்கத்தின் அடியில் </html> என்று, HTML பக்கத்தை மூடுகிற ஒரு வரி மட்டும் இருந்தது. விக்கியில் அதை யாரும் எழுதுவதில்லை. இந்த மலையில் அப்படி முடிக்கிற கை ஒன்றுதான் எனக்குத் தெரியும். அழிக்கும்போதுகூட மூடிவிட்டுப் போயிருக்கிறாயே, பாவி! சிரித்தேன், அப்புறம் அழுதேன்.

யாரிடமும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லு.

கவிதா


ஏற்காடு,
16-3-2024

கவிதா,

நான்தான்.

அழித்துவிட்டு, யாராவது ஜீப் நேரம் கேட்டு என்னைக் கூப்பிடுவார்கள் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அதற்குள் நீ திருப்பிவிட்டாய். அந்தக் கடைசி வரியை அடித்ததே எனக்கு ஞாபகமில்லை. பழகின கை.

அம்மா நின்றதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? அவர் காலில் விழ வேண்டும். ஆனால் 'எவனோ' என்று நீ சொன்னதுதான் தாங்கவில்லை. என் பொறாமையைக்கூட வேறு யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டாயே!

இன்று காலை விக்கியில் என் பேரில் கணக்கு ஆரம்பித்தேன். ஜீப் நேரத்தின் உரையாடல் பக்கத்தில் 'ஞாயிறன்று இதை அழித்தது நான்' என்று எழுதி, நாலு அலைக்கோடு போட்டேன். பேர் வந்தது. மூடச் சொல்லி எதுவும் கேட்கவில்லை.

மத்தியானம் என் போன் அடித்தது. சௌமியா. கால் மணி நேரம் திட்டினாள். கடைசியில், அவள் லாட்ஜ் போன் நம்பர் தப்பாக இருக்கிறதாம், திருத்தித் தரச் சொன்னாள். நீயே திருத்தலாம், நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பார் என்றேன்.

ஹேமலதா