உப்பு குறைந்தவனைக் குடிகாரன் என்றார்கள்

என் உசிருக்கு உசிரான முருகேசண்ணே,

நல்லா இருக்கியான்னு கேக்க முடியாது. நான் நல்லா இல்லை. வயிறு எரியுது, அதான் எழுதுறேன்.

போன ஞாயித்துக்கிழமை உன் மக கனியைப் பொண்ணு பாக்கக் கான்சாபுரத்துல இருந்து வந்தாங்க. காப்பி குடிச்சிட்டு மாப்பிள்ளையோட அப்பா மெதுவா ஆரம்பிச்சார். "பொண்ணோட அப்பா குடிச்சுத்தான் செத்தாராமே? அவர் வேலை பாத்த மில்லுல சொன்னாங்க." அண்ணி தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. கனி எந்திரிச்சு உள்ள போயிட்டா.

குடியா? கல்யாண வீட்டுல பாட்டிலைப் பாத்தாலே எந்திரிச்சுப் போற ஆளு நீ!

பிரஷருக்கு உப்பைக் குறைங்கன்னு டாக்டர் சொன்னார், நீர் போற மாத்திரையும் குடுத்தார். நீ எதைத்தான் அரைகுறையாச் செஞ்சே? மாலை போட்டவன் மாதிரி ஒரு கல் உப்பு நாக்குல படாம விட்டுட்டே. ஆண்டாள் தேருக்குப் போனப்ப பந்தல்ல குடுத்த நீர்மோரைக்கூட உப்பிருக்குன்னு திருப்பிக் குடுத்தே. ராஜபாளையத்து மில்லுப் புழுக்கத்துல வேர்த்து ஊத்த ஊத்த, வெறுந்தண்ணியா குடிச்சே. உள்ள இருந்த உப்பு வெளிய போய்க்கிட்டே இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பொறவுதான் விளக்குனாங்க. உடம்பு தோலுலயும் எலும்புலயும்கூட உப்பைச் சேத்து வைக்குமாம். வேணுங்கிறப்ப பிடிச்சு வச்சு, மிஞ்சினா வெளிய விடுறது கிட்னியாம். அந்த மாத்திரையும் அம்புட்டுத் தண்ணியும் சேர்ந்தா அதுக்கும் கைமீறிப் போயிருமாம். ரத்தத்துல உப்பு இறங்கினா மூளை வீங்கும், நாக்கு குழறும், கால் தள்ளாடும்னாங்க.

அப்படித்தானே நீ மெஷினைப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளாடினே? சூப்பர்வைசர் என்ன சொன்னான்? "குடிச்சிட்டு வந்திருக்கான், ஆட்டோவுல ஏத்தி விடுங்கலே." தூக்கினவனுகள்ல ஒருத்தனாவது உன் வாயை மோந்து பாத்தானா? தூங்கினா தெளிஞ்சிரும்னு அண்ணிகிட்ட சொல்லி, வன்னியம்பட்டி வீட்டுல போட்டுட்டுப் போயிட்டானுவ. மறுநாள் வலிப்பு வந்த பொறவுதான் ஆஸ்பத்திரி. நேரா அங்க கொண்டு போயிருந்தா நீ இருந்திருப்பியோ என்னவோ.

கான்சாபுரத்தாரை நான் விடலை. டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். "மில்லுல அப்படிச் சொல்லலையேம்மா"ன்னு கிளம்பிட்டாங்க. செத்த பொறவும் உனக்கு இந்தப் பேர்தானா?

கேளுண்ணே. திங்கக்கிழமை ஷிப்ட் மாறுற நேரம் மில்லு வாசல்ல நிப்பேன். உன்னைத் தூக்கினவன், பாத்துச் சிரிச்சவன் எல்லாரும் நிக்க, "முருகேசன் குடிக்கலை"ன்னு அந்த சூப்பர்வைசர் வாயாலயே சொல்ல வைப்பேன். சொல்லாம அவனை வீட்டுக்கு விடமாட்டேன்.

உன் கூடப்பொறந்தவ,
செல்வி